அடி வாங்காத துண்டு

ஜார்ஜ்டவுன்
12 ஜனவரி 2025

திரு. தனேஷ் அவர்களுக்கு,

பெட்டி வந்து சேர்ந்தது. டங்ஸ்டன் துண்டுகள் எல்லாம் பத்திரம். ஒன்றும் கீறவில்லை.

பஞ்சுக்கு அடியில் மடித்து வைத்திருந்த கடிதமும் வந்தது. பெட்டியை நான்தான் திறப்பேன் என்று உங்களுக்கு என்ன நிச்சயம்? லேப் டெக்னீஷியன் ஸுல்கிஃப்லி திறந்திருந்தால்? அவருக்குத் தமிழ் படிக்கத் தெரியாது, அது வேறு விஷயம். ஆனால் "மோகனாவுக்கு ஜெர்மனியிலிருந்து லவ் லெட்டர்" என்று மாடி முழுக்கச் சொல்லிவிட்டு வந்திருப்பார்.

போனில் பேச வேண்டாம் என்று சொன்னது நான்தான். பேசினால் இரண்டாவது நிமிஷமே சண்டை வருகிறது. வேலை விஷயம் மட்டும் மெயிலில் எழுதுங்கள், உங்கள் பேராசிரியைக்கும் ஒரு நகல் போகட்டும் என்று சொன்னதும் நான்தான். பெட்டிக்குள் கடிதம் வைக்கலாம் என்று நான் சொன்னதாக ஞாபகம் இல்லை. வைத்துவிட்டீர்கள். பதில் எழுதாமல் இருப்பது மரியாதை இல்லை என்பதால் எழுதுகிறேன்.

நான் நலம். உங்கள் அம்மாவும் நலம். சனிக்கிழமைகளில் ஃபெரி ஏறி பட்டர்வொர்த் போய் அவரைப் பார்த்துவிட்டு வருகிறேன். சமையலறைக் குழாய் ஒழுகியது, ஆள் வைத்துச் சரி செய்தாயிற்று.

"நான் என்ன தப்புப் பண்ணினேன்" என்று கேட்டிருக்கிறீர்கள். கல்யாணமாகி நான்காவது வருஷம் பெண்டாட்டியை ஒரு வார்த்தை கேட்காமல் வெளிநாட்டு வேலைக்கு எழுதிப் போட்டீர்கள். வேலை கிடைத்து, டிக்கெட் தேதியும் வந்த பிறகு, "நீயும் வந்துரு மோகனா" என்றீர்கள். வந்து அங்கே உங்களுக்குச் சோறு வடிக்கவா? இங்கே நம் யூனிவர்சிட்டியில் மைக்ரோஸ்கோப் என் பொறுப்பில் வந்து அப்போது மூன்று மாதம்கூட ஆகவில்லை. அதற்காக நான் எத்தனை பேர் வாசலில் நின்றேன் என்று உங்களைவிட வேறு யாருக்குத் தெரியும்? இது தப்பு இல்லையென்றால் எது தப்பு என்று நீங்களே எழுதி அனுப்புங்கள்.

இதோடு மெருகேற்றிய புதுத் துண்டுகள் வைத்திருக்கிறேன். முகம் பார்த்துத் தலை வாரலாம், அவ்வளவு பளபளப்பு. உங்கள் எந்திரத்தில் வைத்து அடித்து அனுப்புங்கள். அதே தகட்டில் வெட்டிய ஒரு துண்டை, அடி வாங்காமல், ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக இங்கேயே வைத்துக்கொண்டேன்.

இப்படிக்கு,
மோகனா


2 பிப்ரவரி 2025

மோகனா,

'திரு. தனேஷ் அவர்களுக்கு'. 'நீங்கள்'. 'இப்படிக்கு'. படிச்சிட்டு நாற்காலியில இருந்து எழுந்தே நின்னுட்டேன். எங்கம்மா முன்னாடி மட்டும்தான் எனக்கு இந்த மரியாதையெல்லாம் கிடைக்கும். அவங்க அடுப்படிக்குள்ள போனதும் 'டேய்'தான். படிக்கிற காலத்துல பக்கத்துல உக்காந்து என் பேப்பரைப் பார்த்து எழுதினதுல இருந்து (இல்லன்னு சொல்லுவே) எனக்கு உன் 'நீ'தான் பழக்கம். கோபம்னா திட்டு, நல்லாத் திட்டு. இந்த 'நீங்கள்' மட்டும் வேணாம் லா. இங்க ஏற்கெனவே மைனஸ் எட்டு.

கேட்காம எழுதிப் போட்டது தப்புதான். எப்படியும் கிடைக்காது, கிடைக்காத வேலைக்கு எதுக்கு வீட்டுல சண்டைன்னு விட்டுட்டேன். கிடைச்சதும் உன் முகத்தைப் பார்க்கப் பயம். நாள் தள்ளித் தள்ளி அது இன்னும் மோசமாப் போச்சு.

ஆனா நீயும் ஒண்ணு பண்ணினே. ஏர்போர்ட்டுக்குக் காடியில போகும்போதே, "அங்க உன் வேலை விளங்காது, நீயே திரும்பி வருவே பாரு"ன்னே. சரி, கோபம். அப்புறம் பாயான் லெப்பாஸ் ஏர்போர்ட்ல, கண்ணாடிக் கதவுக்கிட்ட, அம்மா விபூதி பூசி 'போயிட்டு வாப்பா'ன்னாங்க. தம்பி ஹரீஷ்கூட, அவன் வாயில என்னிக்கு நல்ல வார்த்தை வந்திருக்கு, அவனே 'போயிட்டு வாண்ணே'ன்னான். நீ என்ன சொன்னே? 'போ'. அவ்வளவுதான். வீட்டுக்கு வந்த குழாய்க்காரனைக்கூட நம்ம வீட்டுல யாரும் வெறும் 'போ'ன்னு அனுப்ப மாட்டாங்க. அந்த ஒரு எழுத்தைப் பிராங்பர்ட் வரைக்கும் மடியில வச்சுக்கிட்டே வந்தேன்.

அம்மா நான் இங்க என்ன செய்யறேன்னு கேட்டுக்கிட்டே இருக்காங்களாம், ஹரீஷ் சொன்னான். நீயே சொல்லிடு. சூரியனுக்குள்ள நடக்கிறதை ஒரு பெரிய பாத்திரத்துக்குள்ள நடத்திக் கரண்ட் எடுக்கப் பார்க்கறாங்க. அந்தப் பாத்திரத்தோட உள்சுவர் உலோகம். உள்ள இருந்து நியூட்ரான் ஓயாம வந்து அடிக்கும். அடிபட்ட அணு இடத்தைவிட்டு எகிறிப் போயிடும். முக்காவாசி உடனே திரும்பி வந்து உக்காந்துக்கும், சிலது வராது. அந்தக் காயம் சேரச் சேர உலோகம் இறுகி ஒரு நாள் விரிசல் விடும். அப்படி அடிக்கிற உலை இன்னும் யார்கிட்டயும் தயாரா இல்லாததால, அதுக்குப் பதிலா இங்க ஒரு எந்திரத்துல அணுக்களை வேகமா ஏவி உன் துண்டுகளை அடிக்கிறேன். நீ வெட்டி, மைக்ரோஸ்கோப்ல பார்த்து, காயத்தை எண்ணுறே. அடிக்கிறது நான், எண்ணுறது நீ. இந்தக் கடைசி வரியை மட்டும் அம்மாகிட்ட சொல்லாதே, தப்பா எடுத்துக்குவாங்க.

இந்தத் தடவை பாதித் துண்டுகளுக்கு, அடிச்ச பிறகு, சூடும் காட்டியிருக்கேன். சூட்டுல அணுவெல்லாம் நகர்ந்து தன் இடத்துக்குத் திரும்பப் பார்க்கும். காயம் குறைஞ்சிருக்கணும். எவ்வளவுன்னு நீ பார்த்துச் சொல்லு.

தனேஷ்


2 மார்ச் 2025

தனேஷ்,

'நீங்கள்' எடுத்தாச்சு. ரொம்ப சந்தோஷப்படாதே, கோபம் போட்டது போட்டபடியே இருக்கு.

ஏர்போர்ட்ல அதுக்கு மேல ஒரு எழுத்து பேசியிருந்தா அழுதிருப்பேன். அத்தை முன்னாடி, உன் தம்பி முன்னாடி, அந்த டிராலி தள்ளுறவங்க முன்னாடி அழ எனக்குப் பிடிக்கல. அதான் 'போ'வோட நிறுத்திட்டேன். இதைக் கேட்டு உருகிப் போயிடாதே, தகவலுக்காகச் சொல்றேன்.

உன் அம்மா கதை கேளு. போன சனிக்கிழமை கூரியர் ஆபீஸ்ல உன் பெட்டியை எடுத்துக்கிட்டு அப்படியே ஃபெரி ஏறிட்டேன். அத்தை பெட்டியைப் பார்த்ததும், "இதுதான் அந்தக் கதிர்வீச்சா?"ன்னு ரெண்டடி பின்னால போயிட்டாங்க. பெட்டியைச் செருப்புக்குப் பக்கத்துல வெளியே வைக்கச் சொல்லி, எனக்குக் கை கால் கழுவ மஞ்சத் தண்ணி. நான் உக்காந்து பொறுமையாச் சொன்னேன்: அத்தை, எந்திரத்தை நிறுத்தினதும் அடி நின்னுடும், துண்டுல ஒண்ணும் ஒட்டிக்கிட்டு வராது, உள்ள காயம் மட்டும்தான் இருக்கும். "அப்படின்னா அது பாவம்தானே"ன்னு சொல்லி அவங்களே போய் எடுத்துட்டு வந்து சாமிப் படத்துக்குக் கீழ வச்சு விபூதி பூசிட்டாங்க. பெட்டி மூடியில வெள்ளையா இருந்தா பயப்படாதே, அது உன் அம்மா.

வேலைக்கு வர்றேன். உன் அடி மேல் தோல்ல மட்டும்தான் விழுது, அதனால அந்த இடத்தை மட்டும் மெலிசா சீவி எடுக்க, அயனிக் கதிரால வெட்டுற அயன் கத்தி வேணும். பாயான் லெப்பாஸ்ல ஒரு கம்ப்யூட்டர் சிப் பெக்டரியில ஞாயித்துக்கிழமை மட்டும் அவங்க கத்தியைத் தர்றாங்க. ஹெல்மெட்டை மாட்டிக்கிட்டு மோட்டர்ல போயிட்டு வர்றேன். அவங்க சிப் வெட்டுறதுக்கு வச்சிருக்கிற செட்டிங்லயே வெட்டுறேன், சீக்கிரம் முடிஞ்சிடுது. அடி வாங்காத துண்டுக்குத் தோல் கணக்கு இல்லையே, அதுல ஒரு ஓரத்தை எடுத்துப் பழையபடி லேப்லயே ஆசிட்ல கரைச்சு மெலிசாக்கிப் பார்த்தேன். சுத்தமா இருக்கு, ஒரு புள்ளி இல்ல. உன் துண்டுகள்ல கரும்புள்ளி அள்ளித் தெளிச்ச மாதிரி. மத்த நாட்டுக்காரங்க எண்ணினதைப் போல ரெண்டு பங்கு. அதைவிட ஆச்சரியம், நீ சூடு காட்டின துண்டுலயும் அதே அளவுதான். ஆறவே இல்ல.

ஒருவேளை நம்ம டங்ஸ்டன் உன்னை மாதிரி பிடிவாதமோ என்னவோ.

மோகனா


30 மார்ச் 2025

மோகனா,

பேராசிரியை என்னைப் பார்த்துச் சிரிச்சாங்க. வந்து இத்தனை மாசத்துல முதல் தடவை. உன் படங்களைச் சுவத்துல ஒட்டி வச்சு, சூடு காட்டியும் ஆறாத காயம்னா உலைச்சுவர் நாம நெனச்சதைவிடச் சீக்கிரம் கெட்டுடும், இதை எல்லாரும் தெரிஞ்சுக்கணும்னு பேப்பர் எழுத ஆரம்பிச்சுட்டாங்க. உன் பேரு முதல்ல, என் பேரு ரெண்டாவது. நான்தான் அப்படிக் கேட்டேன்.

இன்னொண்ணு. என் ஒப்பந்தம் ஆகஸ்ட்ல முடியுது இல்லையா, இந்தப் பேப்பர் வந்துட்டா அதை வச்சு இன்னும் ரெண்டு வருஷத்துக்குக் கேட்டு வாங்கிடலாம்னு சொல்றாங்க. பேப்பர் இல்லன்னா கஷ்டம்தான்னு அதையும் சொல்லிட்டாங்க. ரெண்டு வருஷம்னு படிச்சதும் நீ முகத்தைத் தூக்கி வச்சுக்குவே. இங்கிருந்தே தெரியுது. ஆனா இந்தத் தடவை நான் ஒண்ணும் முடிவு பண்ணல. உன்னைக் கேட்கறேன். என்ன நெனைக்கிறே?

இங்க ஒரு இந்தியக் கடையில வடைன்னு போட்டிருந்தான். ஆசையா வாங்கினேன். லிட்டில் இந்தியாவுல மார்க்கெட் ஸ்ட்ரீட் முனையில சுடச்சுட வாங்கி, எண்ணெய்க் கையை என் சட்டையில துடைப்பியே, ஞாபகம் இருக்கா? அப்ப திட்டுவேன். இப்ப அலமாரியில எல்லாச் சட்டையும் சுத்தமா இருக்கு, பார்க்கவே பிடிக்கல.

தனேஷ்


27 ஏப்ரல் 2025

தனேஷ்,

இது பெட்டியில வரல, தனியாத் தபால்ல வருது. உக்காந்துக்கிட்டுப் படி.

உன் புதுப் பெட்டி கஸ்டம்ஸ்ல மாட்டிக்கிச்சு. ஆனா பெக்டரியில ஞாயித்துக்கிழமை கத்தி எனக்குன்னு ஒதுக்கியாச்சு. வீணாக்க மனசு வரல. கையில மிச்சம் இருந்தது அந்த அடி வாங்காத துண்டு ஒண்ணுதான். கை பழகட்டுமேன்னு அதை வெட்டினேன். மறுநாள் சும்மா மைக்ரோஸ்கோப்ல வச்சுப் பார்த்தேன்.

கரும்புள்ளி, தனேஷ். அள்ளித் தெளிச்ச மாதிரி. உன் எந்திரத்தைக் கண்ணால பார்க்காத துண்டு அது. இந்தத் தீவைவிட்டு வெளியவே போகல.

துண்டு மாறிப் போச்சோன்னு தேடினேன். மாறல. ஸுல்கிஃப்லியைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் பார்த்துட்டு, "மோகனா, நீ போய் ஒரு கோப்பி குடிச்சிட்டு வா"ன்னு மட்டும் சொன்னார்.

காயம் பண்ணினது என் கத்தி. அயன் கத்தியும் அணுவை ஏவித்தானே வெட்டுது. சிப் வெட்டுறதுக்கு அந்த வேகம் சரி, அவங்களுக்கு இந்தப் புள்ளி ஒரு பொருட்டே இல்ல. எனக்கு அதுதானே எல்லாம். செட்டிங்கை மாத்தணும்னு எனக்குத் தோணல. உன் துண்டுகளைக் கத்தியில வெட்டிட்டு, அடி வாங்காததை மட்டும் ஆசிட்ல கரைச்சு ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சு ஒப்பிட்டிருக்கேன். முதல் வருஷப் பிள்ளைங்க செஞ்சா மார்க் குறைப்பேன். சூடு காட்டியும் ஆறலன்னு சொன்னோமே, எப்படி ஆறும்? நீ சூடு காட்டி முடிச்ச பிறகுதானே நான் வெட்டுறேன்.

இதை உனக்கு எழுத எனக்கு ஒரு வாரம் ஆச்சு. நீ ரெண்டு வருஷம்னு எழுதிக் கேட்டிருக்கே, நான் இன்னும் பதில் சொல்லல, அதுக்குள்ள இது. உன் இடத்துல நான் இருந்தா என்ன நெனைப்பேன்? 'வேலை விளங்காதுன்னு சொன்னா, இப்ப அவ கையாலயே முடிச்சு வச்சுட்டா'. அப்படித்தானே தோணும்? இந்தப் புள்ளியை மறைச்சுட்டுச் சும்மா இருந்திருந்தா உனக்கு வேலை கிடைச்சிருக்கும். அதுவும் ஒரு வாரம் மனசுல ஓடிச்சு, பொய் சொல்ல மாட்டேன்.

நீ வரணும்னு எனக்கு ஆசைதான். ஆனா இப்படி இல்ல. தோத்துப்போய் நீ அந்தக் கதவு வழியா வர்றதைப் பார்க்க எனக்குத் தெம்பு கிடையாது. பேப்பரை அனுப்ப வேணாம்னு உன் பேராசிரியைகிட்ட சொல்லிடு. என் பேரைச் சொல்லியே சொல்லு.

மோகனா


9 மே 2025

மோகனா,

கடிதம் கிடைச்சுது. அன்னிக்கே போய்ச் சொல்லிட்டேன். பேப்பரை நிறுத்தியாச்சு. பேராசிரியை சுவத்துல ஒட்டின படங்களை ஒண்ணொண்ணா அவங்களே எடுத்தாங்க.

பக்கத்து மேசைக்காரன், "வெட்டினது உன் மனைவிதானே, நீ வீட்டுக்கு வரணும்னு ஆசைப்படறாங்க போல"ன்னு கேட்டான். சிரிச்சுக்கிட்டேதான் கேட்டான். நான் பதில் சொல்லாம வந்துட்டேன்.

எனக்கு இப்ப ஒண்ணும் எழுத வரல. உடம்பைப் பார்த்துக்க.

தனேஷ்


1 ஜூன் 2025

திரு. தனேஷ் அவர்களுக்கு,

கஸ்டம்ஸில் மாட்டியதற்கு அடுத்த பெட்டி வந்தது. பஞ்சைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தேன். கடிதம் இல்லை.

துண்டுகளில் எண்ணும் இல்லை. எது அடி வாங்கியது, எது சூடு கண்டது, எது சும்மா இருந்தது, ஒன்றும் எழுதவில்லை. விவரமெல்லாம் ஓர் உறையில் போட்டு ஒட்டிப் பேராசிரியையின் மேசையில் பூட்டி வைத்திருக்கிறார்களாம். நான் பார்த்துச் சொன்ன பிறகுதான் பிரிப்பார்களாம். பேராசிரியை மெயிலில் எழுதியிருக்கிறார். இந்த யோசனை உங்களுடையது என்றும் எழுதியிருக்கிறார், பாராட்டாக.

நல்ல யோசனை. புள்ளி உண்மையிலேயே என் கத்தியால் வந்ததா, அல்லது உங்களை வீட்டுக்கு வரவைக்க நான் சொன்ன கதையா என்று கண்டுபிடிக்க இதைவிட நல்ல வழி கிடையாது. பக்கத்து மேசைக்காரருக்கு நீங்கள் சொல்லாமல் விட்ட பதில் எனக்குப் பெட்டியில் வந்துவிட்டது.

வேலையைச் செய்து தருகிறேன். அதில் குறை வைக்க மாட்டேன். உங்கள் அம்மாவிடம் இதை நான் சொல்லவில்லை. பெட்டிக்கு விபூதி பூசக் கையை நீட்டினார், கொடுத்துவிட்டேன்.

நீயுமா நம்பலை தனேஷ்?

மோகனா


12 ஜூன் 2025

மோகனா,

அந்த உறை வேணும்னு கேட்டது நான்தான். ஏன்னு கேளு.

நீ சொன்னதை நான் படிச்ச நிமிஷமே நம்பிட்டேன். நீ ஸ்கூல் பரிசோதனையிலகூடப் பொய் எண் போடாத ஆளு. ஆனா நான் நம்பறது போதாது மோகனா. நான் உன் புருஷன். என் நம்பிக்கைக்கு இந்த லேப்ல என்ன மதிப்பு? 'அவங்க வீட்டு விஷயம்'னு ஒரு சிரிப்புல முடிச்சுடுவாங்க. அடுத்த தடவை நீ எந்தப் படம் அனுப்பினாலும் அந்தச் சிரிப்பு இருக்கும். எண்ணில்லாத துண்டைப் பார்த்து நீ சரியாச் சொல்லிட்டா, அதுக்கப்புறம் ஒருத்தனும் உன் கண்ணைச் சந்தேகப்பட முடியாது. அந்தப் பக்கத்து மேசைக்காரனைக் கூப்பிட்டு அவன் கையாலயே உறையை ஒட்ட வச்சேன். அவன் கேள்விக்கு நான் சொன்ன பதில் அதுதான்.

கடிதம் வைக்காததுக்கும் அதுதான் காரணம். ஒரு வரி எழுதி வச்சிருந்தாலும் 'உள்ள சொல்லிக் குடுத்திருப்பான்'னு ஆயிடும். பஞ்சை மட்டும் அழுத்தி வச்சு மூடினேன். மெயில்ல ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நீ புரிஞ்சுக்குவேன்னு மடத்தனமா இருந்துட்டேன். அதுக்காக என்ன வேணாலும் திட்டு.

இந்தக் கடிதத்தையும் ஒட்டறதுக்கு முன்னாடி பேராசிரியைகிட்ட நீட்டினேன், துண்டு பத்தி ஒரு வார்த்தை இல்லன்னு சொல்லி. தமிழ் எழுத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாங்க. "இவ்வளவு நீளமா மன்னிப்புக் கேட்கறியா?"ன்னாங்க. ஆமான்னேன். சரி ஒட்டுன்னுட்டாங்க.

தனேஷ்


29 ஜூன் 2025

தனேஷ், முட்டாளே,

மெயில்ல ஒரு வார்த்தை. ஒரே ஒரு வார்த்தை. மூணு ஞாயித்துக்கிழமை நான் பெக்டரிக்குப் போகும்போதெல்லாம் ஹெல்மெட்டுக்குள்ள உன்னைத் திட்டிக்கிட்டே போயிருக்கேன். டிராபிக் லைட்ல பக்கத்துல நின்ன பஸ்ஸுல எல்லாரும் என்னையே பார்த்தாங்க.

ஆனா என்கிட்ட யாரும் இப்படி நடந்துக்கிட்டதில்ல. எனக்காகப் பேசறவங்க உண்டு. நானே பேசிக்கட்டும்னு வழிவிட்டு நின்னது நீ ஒருத்தன்தான். சரி, இதைச் சொல்லிட்டேன், திரும்பக் கேட்காதே.

எல்லாத் துண்டையும் ஒரே மாதிரி வெட்டினேன், அடி வாங்காதது உட்பட. கடைசியா ஒரு வேலை சேர்த்தேன். காஸ்டிக் சோடாத் தண்ணியில வச்சு, கண் சிமிட்டுற நேரம் கரண்ட் விட்டா, கத்தி கெடுத்த மேல் தோல் மட்டும் கரைஞ்சு போயிடும். கண் சிமிட்டு நேரம்னா நிஜமாவே அவ்வளவுதான். ஸுல்கிஃப்லி பழைய சுவிட்ச் ஒண்ணைக் கழட்டி அதுக்குன்னே செஞ்சு குடுத்தார். முதல்ல விட்டது கொஞ்சம் அதிகமாகி முழுத் துண்டே கரைஞ்சு காணாமப் போச்சு. அலாமாக், அங்கேயே உக்காந்து அழுதுட்டேன். நல்லவேளை நீ ஒவ்வொண்ணையும் ஜோடி ஜோடியா வச்சிருந்தே.

அப்புறம் வந்துச்சு. சிலதுல ஒண்ணுமே இல்ல, அது அடி வாங்காததுன்னு எழுதினேன். சிலதுல புள்ளி இருக்கு, மத்த நாட்டுக்காரங்க எண்ணின அதே அளவு, அது உன் அடி. மிச்சத்துல தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டியிருந்துச்சு, இங்க ஒண்ணு அங்க ஒண்ணு. அது சூடு கண்டது. ஆறியிருக்கு தனேஷ். நம்ம டங்ஸ்டன் நல்லாவே ஆறுது. நான் பார்த்துட்டு ரொம்ப நேரம் அந்தப் படத்தையே வச்சுக்கிட்டு இருந்தேன்.

பேராசிரியைக்கு அனுப்பிட்டேன். உறையைப் பிரிச்சுக்கட்டும்.

ரெண்டு வருஷம் பத்தி நீ கேட்டதுக்கு நான் இன்னும் பதில் சொல்லல. சொல்லவும் முடியல. இப்ப 'வா'ன்னு சொன்னா, வேலை போனவனை இரக்கப்பட்டுக் கூப்பிட்ட மாதிரி இருக்கும். 'இரு'ன்னு சொன்னா பொய்.

மோகனா


11 ஜூலை 2025

மோகனா,

உறையைப் பிரிச்சாங்க. நீ எழுதினதை ஒருத்தர் படிக்க, உள்ள இருந்ததை இன்னொருத்தர் படிச்சார். ஒண்ணு விடாம எல்லாம் சரி. பக்கத்து மேசைக்காரன் எழுந்து போய் எனக்குக் கோப்பி வாங்கிட்டு வந்து வச்சான். மன்னிப்பு அவ்வளவுதான், ஆனா பெரிய கப்.

பேராசிரியை என்ன சொன்னாங்க தெரியுமா? ஆறாத காயம்னு பேப்பர் போட்டிருந்தா இன்னும் ஒரு வருஷத்துல யாராவது வந்து நம்ம மூக்கை உடைச்சிருப்பாங்க, உன் மனைவி அதைத் தானே செஞ்சுக்கிட்டாங்கன்னாங்க. இப்ப புதுசா எழுதறாங்க: கத்தி பண்ற காயத்தை எப்படிக் கண்டுபிடிக்கறது, எப்படி எடுக்கறது, அதை எடுத்துட்டுப் பார்த்தா டங்ஸ்டன் எவ்வளவு ஆறுது. பழையதைவிட இதுக்குத்தான் ஆள் அதிகமா கேட்பாங்களாம்.

அதனால ரெண்டு வருஷம் கிடைச்சிடுச்சு. ஒப்பந்தம் என் மேசை மேல இருக்கு. மாசக் கடைசிக்குள்ள கையெழுத்துப் போடணும். உன் சாபம் பலிக்கல மோகனா, விளங்கிடுச்சு.

இப்ப நான் வேலை போனவன் இல்ல. இரக்கமும் வேணாம், பொய்யும் வேணாம். போன தடவை உன்னைக் கேட்காமப் போட்ட கையெழுத்துக்கு இன்னும் அனுபவிக்கிறேன். நீ சொல்ற வரைக்கும் பேனா மூடியைத் திறக்க மாட்டேன். போடுன்னா போடறேன். மனசுல இருக்கிறதைச் சொல்லு.

தனேஷ்


20 ஜூலை 2025

தனேஷ்,

'கையெழுத்துப் போடு, நான் பார்த்துக்கறேன்'னு நல்ல பொண்டாட்டியா ஒரு பக்கம் எழுதினேன். படிச்சுப் பார்த்தா யாரோ எழுதின மாதிரி இருந்துச்சு. கிழிச்சுட்டேன்.

உன்னைத் தடுக்க எனக்கு உரிமை இருக்கான்னு தெரியல. நானும்தான் மைக்ரோஸ்கோப்பை விட்டுட்டு வர மாட்டேன்னேன். அதனால உரிமையெல்லாம் பேசல, ஆசையை மட்டும் சொல்றேன்.

ஞாயித்துக்கிழமை பெக்டரியில இருந்து திரும்பும்போது விமானம் எல்லாம் ரோட்டுக்கு மேல தாழ்ந்து இறங்கும். ஒவ்வொண்ணையும் அண்ணாந்து பார்க்கறேன். நீ அதுல இல்லன்னு தெரியும், இருந்தாலும் பார்க்கறேன். ஹெல்மெட்டைப் போட்டுக்கிட்டு அண்ணாந்தா கழுத்து வலிக்குது. யூனிவர்சிட்டியில உன் பழைய ஆபீஸ்ல வேலை செய்யற ரொஸ்னா உன் நாற்காலியில பூத்தொட்டி வச்சிருக்கா. நீ லீவு முடிஞ்சு வந்தா எடுத்துடறேன்னு அவளே வந்து சொன்னா, நான் ஒண்ணும் கேட்கல. மார்க்கெட் ஸ்ட்ரீட்ல வடை வாங்கினா கை துடைக்க இடம் இல்ல. வீட்டுல தப்பு எல்லாம் என்னோடதாவே இருக்கு, பழி போட ஆள் இல்லாம ரொம்பக் கஷ்டமா இருக்கு.

உன் வேலை நல்ல வேலை. அதை நீ விட்டா அது நஷ்டம்தான், இல்லன்னு சொல்ல மாட்டேன். நீ கையெழுத்துப் போட்டாலும் நான் துண்டுகளை மெருகேத்தி அனுப்புவேன், கடிதமும் வைப்பேன், 'நீங்கள்'னு ஒரு நாளும் எழுத மாட்டேன். இது சத்தியம்.

ஆனா நீ கேட்டே. அன்னிக்கு அந்தக் கதவுக்கிட்ட அழுதுடுவேன்னு பயந்து நான் பாதிதான் சொன்னேன். இப்ப யாரும் பக்கத்துல இல்ல, அழுதாலும் பரவாயில்ல. மீதியைச் சொல்றேன்.

வா.

மோகனா


1 ஆகஸ்ட் 2025

மோகனா,

பேனாவைத் திறக்கவே இல்ல. ஒப்பந்தத்தை அப்படியே பேராசிரியைகிட்ட குடுத்துட்டேன். வருஷத்துக்கு ஒரு மாசம் வந்து அடிச்சுக் குடுத்துட்டுப் போறியான்னு கேட்டாங்க. வீட்டுல கேட்டுட்டுத்தான் சொல்வேன்னேன். நல்லாத் தேறிட்டேன்னாங்க.

நஷ்டம்தான், நீ சொன்ன மாதிரி. ரெண்டு நாள் மனசு கனமா இருந்துச்சு, அதையும் உன்கிட்ட மறைக்கல. அப்புறம் பெட்டி கட்ட ஆரம்பிச்சேன், சரியாப் போச்சு.

கடைசித் துண்டுகளைக் கூரியர்ல போடல, கஸ்டம்ஸ்காரங்களோட மல்லுக்கட்ட முடியாது. நானே கொண்டு வர்றேன். அம்மாகிட்ட சொல்லு, இந்தத் தடவை பெட்டிக்கு விபூதி வேணாம், கொண்டு வர்றவன் நெத்தி காலியாத்தான் இருக்கு. ரொஸ்னாகிட்ட பூத்தொட்டியை ஜன்னலோரமா வைக்கச் சொல்லு.

13ஆம் தேதி, புதன்கிழமை மத்தியானம். பாயான் லெப்பாஸ், அதே கண்ணாடிக் கதவு. இந்தக் கடிதம் எனக்கு முன்னாடி வந்துடும்னு நம்பறேன். பழைய சட்டையா ஒண்ணு போட்டுக்கிட்டு வர்றேன், வழியில வடை வாங்கிக்கலாம்.

உன்னை மட்டும் குறை சொல்லிக்கிட்டே இருந்தேன். அன்னிக்கு நானும்தான் சொல்ல வேண்டியதைச் சொல்லாமப் போனேன். உன் 'போ'வைக் கேட்ட கோபத்துல, 'போயிட்டு வரேன்'னு ஒரு வார்த்தை சொல்லாமத் திரும்பிட்டேன். போனது முடிஞ்சுது.

வரேன்.

தனேஷ்